எப்சிபாவின் மூன்று நிமிடம்

நியூயார்க்கில் கூடும் அந்த உலகப் பெண்கள் மாநாட்டில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் தானே அணைந்துவிடும். அங்கே பேசுவது அறிக்கையாகும், அறிக்கையைக் காட்டி அரசுகள் சட்டம் எழுதும், சட்டத்தைக் காட்டிப் போலீஸ் லாட்ஜ் கதவைத் தட்டும். திருச்சானூர் பாலியல் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் எப்சிபாவுக்கு இந்தச் சங்கிலி முழுதும் மனப்பாடம். அந்த மூன்று நிமிடம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

தோழி மணியம்மாவுக்காகத்தான் கேட்டு வாங்கினாள். லாட்ஜில் பிடித்த மணியம்மாவை ‘மீட்டு’, சித்தூர் பெண்கள் காப்பு இல்லத்தில் அடைத்துப் பதினான்கு மாதம் ஆயிற்று. ‘விரும்பித் தங்குகிறேன்’ என்ற தாளில், படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் ஒரு விதி: எந்தத் தாளையும் வரிவரியாக உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து.

விசா விண்ணப்பத்துக்கும் அதே விதி.

“அக்கா, இதெல்லாம் செக்யூரிட்டி கேள்வி. அல்லாத்துக்கும் ‘நோ’ போட்டுக்கினே போலாம்” என்றான் நெட் சென்டர் பவன்குமார்.

“படிடா.”

“தீவிரவாதியா?”

“என் மூஞ்சியப் பார்த்தா தெரியல? இல்ல.”

“ஆள் கடத்தினீங்களா?”

“இல்ல.”

அவன் நிறுத்தினான். “பத்து வருசத்துல... விபசாரம் பண்ணீங்களான்னு கேக்குறான்.”

“அதுக்குத்தானேடா என்னக் கூப்பிடறாங்க!”

“ஆமான்னா விசா தரமாட்டான்க்கா. நோ போடட்டா?”

அழைப்புக் கடிதத்திலேயே ‘பதினெட்டு ஆண்டுகளாகப் பாலியல் தொழிலாளி’ என்று இருந்தது. பொய் பிடிபட்டால் மணியம்மா கதையும் பொய்யாகிவிடும். “ஆமான்னு போடு” என்றாள்.

சென்னையில் நேர்காணல் மூன்று நிமிடம்கூட நீளவில்லை. விசா இல்லை, தடைக்கு விலக்கு கேட்கலாம், அதற்கு மாதக்கணக்காகும் என்றார் அதிகாரி. மாநாட்டுக்கு இருந்ததோ பதினேழு நாள்.

பேசும் இடம் ஆளுக்கு உரியதல்ல, சங்கமும் சேர்ந்திருந்த பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்புக்கு உரியது. அதில் விசா வைத்திருந்தவர் ஒருவர்தான்: மணியம்மா இருக்கும் இல்லத்தை நடத்தும் பிரேமலதா.

“உன் பேப்பர அப்படியே படிக்கிறேம்மா” என்றார் போனில்.

மாநாட்டில் பேசிய மறுநாள் காலை சங்கத்துப் பெண்கள் வீடியோ பார்த்தார்கள். பிரேமலதா சொன்ன சொல் தவறவில்லை. முன்னால் நன்றிகளை மட்டும் சேர்த்திருந்தார். மனு எழுதும் வழக்கப்படி எப்சிபா நடந்ததை முதலிலும் கோரிக்கையைக் கடைசியிலும் வைத்திருந்தாள். “மீட்கப்பட்ட மணியம்மா இன்று சித்தூர் இல்லத்தில் இருக்கிறாள்” என்பதோடு சிவப்பு விளக்கு எரிந்தது. ‘அவளை விடுங்கள்’ என்ற வரிக்கு மைக் இல்லை. அரங்கம் கைதட்டியது.

ஞாயிறன்று எப்சிபா சித்தூர் போனாள். கம்பிக்கு அப்பால் மணியம்மா, தலைவாரிப் பூ வைத்து நின்றிருந்தாள்.

“என் பேரச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“கைதட்டினாங்களாமே! மேடம் சொல்லிச்சு. அதான் என்ன வுடற காயிதம் வந்துட்ச்சி.”

வார்டன் மேசைமேல் ஒரு தாளை நீட்டினாள். மணியம்மா பேனாவை எடுத்தாள்.

“ஏய், இரு. படிச்சுட்டுப் போடு.”

“நீ விசா தாளப் படிச்சுத்தானே கெடுத்துக்கின?” என்று சிரித்தபடி மணியம்மா கையெழுத்துப் போட்டாள்.

வார்டன் மடிப்பதற்குள் எப்சிபா கம்பி வழியே படித்துவிட்டாள்: ‘மேலும் ஓராண்டு தங்க விரும்புகிறேன்.’

“இன்னா போட்டுக்கீது? எப்ப வுடுவாங்களாம்?” என்றாள் மணியம்மா.

விதிப்படி உரக்கப் படிக்க வேண்டும். எப்சிபா வாயைத் திறந்தாள்.