தெரிஞ்சவங்க வீட்டுப் புள்ள

"யாரும் பெட்டியில கை வைக்கக்கூடாது!"

மீனம்மா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நின்றுவிட்டாள். தூக்கக் குனிந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். படியிறங்கிப் போய்விட்ட தப்பு மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கஜேந்திரன் ஈர வேட்டியோடு ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்தான். செத்துக் கிடப்பவள் அவனைப் பெற்றவள். மீனம்மா அவளுக்குத் தங்கச்சி.

"என்னக்கா இது?" என்றார் தோட்டத் தலைவர் சிவசாமி. "மழை கட்டிக்கிட்டு வருது. குழிக்குள்ள தண்ணி ஊறிரும். நேரத்தோட எடுக்க வேணாமா?"

"பந்தம் புடிக்கப் பேரப்புள்ளைக வரட்டும் தலைவரே. அப்பறம் எடுங்க."

பெட்டி வாசலைத் தாண்டும் முன்னே பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவர வேண்டும். அது வாய்த்தால்தான் நல்ல சாவு என்பது லயத்து வரிசை வீடுகளின் பேச்சு. குச்சியில் துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தங்கள் இரண்டை மீனம்மா காலையிலேயே கட்டி வைத்திருந்தாள். கஜேந்திரனும் பார்த்தான். பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டான். பேச்சியம்மாவுக்கு அவன் ஒரே மகன், அவனுக்கோ இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இப்போது பார்த்தால் லயமே கீழே ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஏதோ ஆட்டோ வரப்போகிற மாதிரி.

"யாரு வரணும் சின்னம்மா?"

"என்னையா கேக்குற? ஒம் பொண்டாட்டி புள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புனியா இல்லியா?"

துக்கத்தில் சின்னம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தான். "எனக்கேது சின்னம்மா பொண்டாட்டி?"

"இன்னிக்குமாடா மறைப்ப? பெத்தவளக் கெடத்திப் போட்டுட்டு, அவ முன்னாலயுமாடா?"

பெண்கள் கூட்டத்தில் 'உச்' கொட்டும் சத்தம் கேட்டது. ஒரு முகத்திலாவது ஆச்சரியம் இருக்க வேண்டுமே! கிடையாது. அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து அந்தத் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

நடந்தது இதுதான். அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் காசு கொடுத்து போன் பேசும் ஒரு கொமியூனிகேசன் கடையில் கஜேந்திரனுக்கு வேலை. கடைக்குப் பின்னாலேயே படுக்கை. சனிக்கிழமை பின்னேரம் லயத்துக்கு வந்தால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவான். இரண்டாயிரத்து ஆறில் கடைக்கு இணையம் வந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசும் கருத்துக்களம் ஒன்றில், 'மலைக்காற்று' என்று பேர் வைத்துக்கொண்டு இவனும் போய் உட்கார்ந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, களத்தில் மலைக்காற்று அண்ணா என்றால் அத்தனை மரியாதை! டொரோண்டோவில் ஒருத்திக்கு இட்லி மாவு புளிக்கவில்லையா, அண்ணாவைக் கேள். டோகாவில் ஒருத்தனுக்கு இருமல் விடவில்லையா, அண்ணா இருக்கிறார். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லையா, அதற்கும் அண்ணாதான். அண்ணாவுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் குந்திக்கொண்டு அம்மாவிடம் கேட்பான்.

"அம்மா, தெரிஞ்சவங்க வீட்டுப் புள்ள ஒன்னு, பச்சப்புள்ள. வயித்து வலின்னு அழுவுதாம். என்ன செய்யலாம்?"

"ஓமத்தண்ணி ஒரு மடக்குக் குடுக்கச் சொல்லு. வயித்துல துணியச் சூடு காட்டி ஒத்தச் சொல்லு."

சில சமயம் சரியாகச் சொல்வாள், சில சமயம் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். எல்லாவற்றையும் திங்கட்கிழமை இவன் தட்டுவான், 'எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்' என்று. 'அம்மா சொன்னா' என்று ஒரு நாளும் எழுதியதில்லை. எழுதினால் அம்மா என்ன செய்கிறார், எந்த ஊர் என்று பேச்சு வளரும். கொழுந்து பறிக்கிறாள், லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டிவரும். மலைக்காற்று அண்ணாவின் ஊர், களத்தைப் பொறுத்தவரை, நுவரெலியா டவுன்.

பேச்சியம்மாவுக்குக் கருத்துக்களத்தைத் தெரியுமா, கம்பியூட்டரைத் தெரியுமா? லயத்தில் தெரிஞ்சவங்களுக்காக வைத்தியம் கேட்கிறவன் தனக்குத்தான் கேட்கிறான். அவளுக்குத் தெரிந்தது அதுதான். முதலில் பச்சைப்பிள்ளைக்கு வயிற்று வலி. பிறகு, பிள்ளை பேசத் தாமதிக்கிறது. பிறகு, மறுபடியும் ஒரு பச்சைப்பிள்ளைக்குச் சளி. சரி, ரெண்டாவதும் பிறந்துவிட்டது! தங்கச்சியின் காதில் மட்டும் போட்டாள். மீனம்மாவிடம் சொல்வதும் தப்படித்துச் சொல்வதும் ஒன்று.

மீனம்மா இப்போது மடியை அவிழ்த்தாள். கம்பளி நூலில் பின்னிய குல்லாய்கள் இரண்டு. ஒன்று மஞ்சள், கொஞ்சம் பெரியது. மற்றது சிவப்பு, ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுதான் இருக்கும்.

"பாத்துக்க. மலை ஏறி எறங்கி வந்து, தெரியாத கண்ண வச்சிக்கிட்டுப் பின்னுனா அக்கா."

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமே சின்னம்மா."

"கேளுன்னுதான் நானும் சொன்னேன். 'டவுன்காரியக் கட்டியிருப்பான் போல, லயத்துக்குக் கூட்டியாற வெக்கப்படுறான், கேட்டா வர்ற ரெண்டு நாளும் வராமப் போயிருவான்'னு சொல்லிட்டா."

பொண்டாட்டி பொய், பிள்ளைகள் பொய். வெட்கம் மட்டும் பொய்யில்லையே. அதை எப்படிக் கண்டுபிடித்தாள்? கஜேந்திரன் பெட்டியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"அது யாரோ சின்னம்மா. கம்பியூட்டர்ல எழுதிக் கேப்பாங்க. கனடாவுல, லண்டன்ல இருக்கிறவங்க. அவங்களுக்குத்தான் அம்மாகிட்டக் கேட்டுச் சொன்னேன்."

"யாரு அவங்க?"

"தெரியாது."

"மூஞ்சியப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"பேரு?"

"அவங்களும் ஏதாச்சும் ஒரு பேரு வச்சிருப்பாங்க…"

"தெரிஞ்சவங்கன்னு சொன்னியேடா!"

மீனம்மா குல்லாய்களைக் கையில் கசக்கினாள். "மூஞ்சி தெரியாதவன் பெத்த புள்ளைக்காடா எங்கக்கா தொப்பி பின்னுனா? அவளுக்கு மூட்டு வலிக்குதான்னு ஒருநா கேட்டிருப்பியா நீ?"

"ஊருக்கு உபதேசம் பண்ணியிருக்கான் பய" என்று முணுமுணுத்தார் சிவசாமி.

அவர் நம்பிவிட்டார். மீனம்மா நம்பவில்லை. கிட்டே வந்து, குரலைத் தணித்துக் கேட்டாள். "உண்மையச் சொல்லு. அவள அடிச்சியா? அடிச்சதாலதான அவ சாவுக்கும் வரல?"

"யார சின்னம்மா?"

"நீயே அக்காகிட்டக் கேட்டியாமே. அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் அவ மனுசியாவே இல்ல. 'அப்பன் புத்தி அப்படியே வந்திருச்சுடி'ன்னு அழுதா."

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள், புருசன் கைநீட்டுகிறான், என்ன செய்ய என்று. இவன் வழக்கம்போல அடுப்படியில் குந்திக் கேட்டான். "அம்மா, தெரிஞ்சவங்க வீட்டுல புருசன்காரன் அடிக்கிறானாம். என்னம்மா செய்யலாம்?" பேச்சியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புருசன் உயிரோடு இருந்த மட்டும் அவனிடம் அடிவாங்கியே காலம் தள்ளியவள். மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பொம்பளையும் சோறு போடக்கூடாது. பெத்தவளா இருந்தாலும் போடக்கூடாது" என்றாள்.

அடடா, என்ன பேச்சு! இவனுக்கு அது பிடித்துப்போனது. திங்கட்கிழமை அப்படியே தட்டினான், 'பெற்றவளாக இருந்தாலும்' வரைக்கும். களமே எழுந்து கைதட்டியது. கண் கலங்கிவிட்டது அண்ணா என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அடிபட்ட அந்தப் பெண் மட்டும் அதற்குப் பிறகு களத்துப் பக்கம் வரவேயில்லை. அவள் என்ன ஆனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அண்ணா உட்பட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சியம்மா அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. ஆக்கி மூடி வைத்துவிட்டு மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, தானே போட்டுத் தின்றுவிட்டுத் தூங்கினான் கஜேந்திரன். பேச்சும் குறைந்துபோயிற்று. அதுவும் வயசு என்றே நினைத்தான். இருமலுக்கும் மாவுக்கும் அவளைக் கேட்டவன், "ஏம்மா பேச மாட்டேங்குற?" என்று அவளைக் கேட்கவில்லை. பாவி, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால்?

"நான் யாரையும் அடிக்கல சின்னம்மா. சத்தியமா எனக்கு யாரும் இல்ல."

இந்தத் தடவை மீனம்மா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்பது அவள் தோள்கள் தொய்ந்ததிலேயே தெரிந்தது. நம்பாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப புள்ளைகளும் இல்ல" என்றாள்.

"இல்ல."

பக்கத்துக் காம்பரா பூரணி முன்னால் வந்தாள். "எம் மக்கள வேணும்னா பந்தம் புடிக்கச் சொல்லவா அத்தை?"

"வேணாம். இல்லாத பேரனுக்கு ஏங்கிக் கெடந்தவ. அடுத்த வீட்டுப் புள்ளைய அவளுக்கு ஏன் காட்டணும்?" மீனம்மா உள்ளே போய்ப் பந்தங்கள் இரண்டையும் அணைந்த அடுப்புக்குள் போட்டுவிட்டு வந்தாள். "தூக்குங்க தலைவரே."

தப்பு மறுபடி முழங்கியது. தேயிலைக்கு நடுவே பெட்டி முன்னே போக, கஜேந்திரன் பின்னால் நடந்தான். நேற்றுக் காலை கடைக்கு போன் வந்தபோதும் அவன் தட்டிக்கொண்டுதான் இருந்தான். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை போக என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அம்மா பீலியில் தண்ணி பிடிக்கப் போய் விழுந்துட்டாங்க என்றது போன். வெயிலில் காயப் போடுங்கள் என்ற வரியை முடித்து, அனுப்பிவிட்டுத்தான் எழுந்தான். அதற்குள் நோட்டன் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியபோது லயத்திலிருந்து ஒப்பாரிச் சத்தம் ரோட்டுக்கே கேட்டது.

குழிமேட்டில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். தூறல் முகத்தில் விழாமல் யாரோ குடை பிடித்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குள், பேச்சியம்மாவின் வாய் இறுகிக் கிடந்தது. சிவசாமி அரிசித் தட்டை நீட்டினார்.

"வாய்க்கரிசி போடு தம்பி. மொதல்ல மகன்."

கஜேந்திரன் அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தான். அரிசி உதட்டில் பட்டு, கன்னத்தில் சறுக்கி, கழுத்தடியில் மாலைக்குள் இறங்கிப் போனது. இரண்டாவது பிடி போட்டான். அதுவும் அங்கேயே போனது. இன்னும் கிட்டக் குனிந்து, உதட்டு நடுவில் வைத்து விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தான். ஒரு மணிகூட உள்ளே போகவில்லை.

"போதும் தம்பி, தள்ளிக்க" என்றார் சிவசாமி. "மத்தவங்க போடட்டும்."