தப்பு என்னுதுங்க சம்பந்தி

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் என் கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் வண்டி ஓட்டுவதிலேயே பிழையில்லாமல் செய்கிற காரியம் அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த பொலிரோ ஒன்று, என் டிக்கியைப் பாதியாக மடித்துவிட்டது.

பொலிரோவை ஓட்டிவந்தவர் விருத்தாசலம். திண்டிவனத்துக்காரர், ஓமந்தூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர், என் மகள் வெண்ணிலாவுக்கு மாமனார் ஆகப்போகிறவர். அன்று காலை திண்டிவனத்தில் முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு, மண்டபம் பேசி முடிக்க இரண்டு குடும்பமும் இரண்டு வண்டியில் விழுப்புரம் வந்துகொண்டிருந்தோம். புடவை என் டிக்கிக்குள் இருந்தது.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வேறு எவனாவது இடித்திருந்தால் நான் பேசியிருக்கும் தமிழே வேறு. ஆனால் இறங்கி வந்தவர் சம்பந்தி. முகம் வெளுத்துப்போய், "சம்பந்தி, நான்..." என்று ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. மாப்பிள்ளை வீட்டார் தலையைக் குனிவதற்குள் இவன் தரையில் படுத்துவிடுவான்.

"தப்பு என்னுதுங்க சம்பந்தி! நான்தான் திடீர்னு நின்னுட்டேன்."

"இல்லீங்க, நீங்க வரிசையில..."

"நீங்க சும்மா இருங்க. நான் நின்னிருக்கக் கூடாது."

ரோந்து வண்டியில் வந்த போலீஸ்காரரிடமும் இதையேதான் சொன்னேன்.

"நின்னுக்கினு இருந்த வண்டி எப்படி சார் தப்பு பண்ணும்?"

"என் வண்டி பண்ணும் சார்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு போனார்.

டிக்கி திறக்கவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் கடப்பாரை வாங்கி நெம்பி, பிரசவம் பார்க்கிற மாதிரி புடவையை வெளியே எடுத்தோம். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தியம்மா சூர்யகலா அதை மடியில் வைத்துக்கொண்டார். மண்டபப் பேச்சை எடுக்காமலே திண்டிவனம் திரும்பிவிட்டார்.

எனக்கு விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை. ஊர்ப்பட்ட பேருடைய இன்சூரன்ஸை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் படித்ததில்லை. மறுநாள் ஏஜெண்ட் பிரவீன்குமார் கடைக்கு வந்து படித்துக் காட்டினார்.

"சார், நீங்க போட்டிருக்கிறது வெறும் தேர்ட் பார்ட்டி. உங்க வண்டியால அடுத்தவருக்கு நஷ்டம்னா கம்பெனி குடுக்கும். உங்க வண்டிக்கு ஒண்ணும் கிடையாது."

"பழைய வண்டிக்கு இது போதும்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் சார். நான் ஃபுல் கவர் போடச் சொன்னேன். 'நான் எவன் மேலயும் மோதமாட்டேன்'னு சொல்லிட்டீங்க."

மோதவில்லைதானே. அந்த வகையில் நான் சொன்ன சொல் தவறவில்லை.

"இடிச்சது அவருதான? அவரோட இன்சூரன்ஸ் எனக்குக் குடுக்காதா?"

"தாராளமா குடுக்கும். அவருக்கு நீங்க தேர்ட் பார்ட்டி. போலீஸ்ல புகார் குடுத்து, கோர்ட் மூலமா கேக்கலாம். ஆனா அவர் மேலதான் தப்புன்னு இருக்கணும். நீங்க இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். பிரவீன்குமார் ஜெராக்ஸ் மிஷின் மேல் சாய்ந்துகொண்டார்.

"அவரது ஃபுல் கவர் சார். தப்பு யாரோடதா இருந்தாலும் அவர் வண்டியை அவர் கம்பெனி பார்த்துக்கும். நீங்க தப்பை ஏத்துக்கினதால அவருக்கு ஒரு போல்ட்டு கூட லாபம் கிடையாது."

கார் போனால் போகிறது, கல்யாணம் நடந்தால் சரி என்று வீட்டுக்குப் போனேன். சாயந்திரம் சூர்யகலா போன் செய்தார். என் மனைவி விசாலாட்சி எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மொத மொதல்ல புடவை எடுத்துக்கினு வரும்போதே பொண்ணு வீட்டு வண்டியால இப்படி ஆயிடுச்சி. அண்ணனே அவரு வாயால ஒத்துக்கினாரு. சகுனம் சரியில்லன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் மனசு ஒரு மாதிரியா இருக்கு. மண்டபம் இப்ப வேணாம். யோசிச்சி சொல்றோம்."

'யோசிச்சி சொல்றோம்' என்று சொன்னவர்கள் திரும்பி வந்து சொன்னதாக எங்கள் சொந்தத்தில் சரித்திரமே இல்லை.

விசாலாட்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காரைத்தான் இடிக்கக் குடுத்தீங்க, போவுது. அபசகுனத்தையும் எதுக்குங்க கேட்டு வாங்கிக்கினு வந்தீங்க?"

தப்பு கைமாறினால் சகுனமும் கூடவே கைமாறும் என்று பிரவீன்குமார் சொல்லவில்லை.

வெண்ணிலா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை பூவரசன் போனில், "அம்மா சமாதானம் ஆகட்டும், கொஞ்சம் பொறு" என்றானாம்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா," என்றாள், சண்டைக்கு வருகிற குரலில். உடனே விருத்தாசலத்தின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வேணாம் கண்ணு, மரியாதையா இருக்காது."

"உங்க மரியாதையைத்தான் டோல்கேட்ல பார்த்தோமே. மாமா, வெண்ணிலா பேசறேன். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நேத்து யாரு யாரை இடிச்சாங்க?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"நான்தாம்மா இடிச்சேன். மல்லாட்டை உரிச்சித் தின்னுக்கினே ஓட்டிக்கினு வந்தேன். தோலு சட்டையில வுழுந்துச்சி. தட்டிவுடக் குனிஞ்சேன், நிமிர்றதுக்குள்ள உங்கப்பா வண்டி."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாய்யா?" இது சூர்யகலாவின் குரல்.

"அவரு எங்க சொல்ல வுட்டாரு? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எடுத்துக்கினாரு. சம்பந்தி ஆசையா எடுத்துக்கினதை எப்படித் திருப்பிக் கேக்கிறது? நீ வேற வழியெல்லாம் சகுனம் சகுனம்னு கத்திக்கினு வந்தே. பயந்துக்கினு கம்முனு இருந்துட்டேன்."

வெண்ணிலா போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப தப்பு நம்ம வண்டி மேலதானா?" என்றார் சூர்யகலா, மெதுவாக. "அப்ப அது நம்ம வீட்டு திருஷ்டிதான். எத்தினி பேரு கண்ணு நம்ம மேல! ஒரு பூசணிக்கா ஒடைச்சா தீந்துபுடும்."

பெண் வீட்டில் இருந்தவரைக்கும் கல்யாணத்தையே நிறுத்துகிற அளவு இருந்த அபசகுனம், திண்டிவனம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பூசணிக்காயில் அடங்கிவிட்டது. வெண்ணிலா போனை வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் காலையில் விருத்தாசலம் பஸ் பிடித்து விக்கிரவாண்டிக்கு வந்து இறங்கினார். காருக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்க, அவர் மேல் நான் புகார் கொடுக்க வேண்டும். கூட வருவேன் என்று அவரே ஒற்றைக்காலில் நின்றார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "சாக்கிரதைங்க, முன்னாடி லாரி நிக்குது" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா நான் எழுதிக்கொண்டு போனதைச் சத்தமாகப் படித்தார். "'எனது மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களின் வாகனம், எனது வாகனத்தைச் சற்றே நெருங்கி வர நேர்ந்தது.' இது புகாரா, கல்யாணப் பத்திரிகையா? அன்னிக்கி உங்க தப்புன்னு வேற சொல்லியிருக்கீங்க."

"அது மரியாதைக்குச் சொன்னதும்மா," என்றார் விருத்தாசலம்.

"நீங்க யாரு?"

"நான்தாங்க இடிச்சவன்."

எஸ்.ஐ. அம்மா வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். 'கவனக்குறைவாக' என்று எழுத வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது. நாளைக்கு என் பெண் அந்த வீட்டில்தான் வாழவேண்டும். சம்பந்தி எட்டிப் பார்த்தார், பேனாவைப் பிடுங்கினார், 'கவனக்குறைவாக' என்று எழுதினார். அது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, 'மிகவும்' என்று முன்னால் நுழைத்தார். மிச்சத்தையும் அவரே எழுதி முடித்து, தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஜல்தி கையெழுத்துப் போடுங்க சம்பந்தி," என்றார். "மண்டபத்துக்காரரு பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."