தாடிக்காரரின் பலகை

சட்டமன்றத்தின் முன்மண்டபத்தில் வரிசையாக ஐந்து சிலைகள். நான்கு ஆண்கள், ஒரே ஒரு பெண்; ஒரு கோடியில் தாடிக்காரர், மறுகோடியில் அந்தப் பெண். அவற்றின் பித்தளைப் பெயர்ப்பலகைகளைக் கழற்றித் துலக்கி மாட்டும் வேலை அண்ணிக்கும் நாத்தனாருக்கும். இன்று விருந்தினர் வந்து போனதும் அண்ணியின் வேலை நிரந்தரமாகிவிடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

எலெக்ட்ரீசியனிடம் ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கி, பலகைகளை மாட்டி, திருப்பியும் கொடுத்தாயிற்று. அப்போதுதான் காவலாளி வந்து தாடிக்காரரின் பலகையைக் குனிந்து படித்தார்.

"நாட்டின் முதல் பெண் நீதிபதி. ஏம்மா, இந்த அம்மாவுக்கு எப்ப தாடி முளைச்சுது?"

அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் நாத்தனாருக்கும் எழுத்து வாசனை கிடையாது.

"இடப்பக்கத்துலேருந்து அடுக்கியிருக்கேன்னு சொன்னியேடி!"

"இடப்பக்கந்தான் அண்ணி. தாடிக்காரருக்கு இடது."

நாத்தனார் எப்போதும் சிலைகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறித் தூசி தட்டுபவள். பலகைகளையும் அந்தப் பக்கத்து இடதிலிருந்தே அடுக்கியிருந்தாள். அண்ணி எதிரே உட்கார்ந்து மாட்டியவள். வரிசை முழுக்கத் தலைகீழ்.

"நடுவுல இருக்கறவரு மட்டும் தப்பிச்சாரு" என்றார் காவலாளி. "எலெக்ட்ரீசியன் மாடிக்குப் போயிட்டான். கார் வந்தாச்சு."

"தொட்டியப் பிடிடி!"

வாசலில் இருந்த செடித்தொட்டிகளை இருவரும் இழுத்து வந்து பலகைகளை மறைத்தார்கள். ஐந்தாவது தொட்டி நிற்கவும் விருந்தினர் படியேறவும் சரியாக இருந்தது. அண்ணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே தூணோரம் நின்றாள்.

"செடியெல்லாம் அருமை. ஆனா பேரத் தெரிஞ்சுக்கணுமே" என்ற விருந்தினர் வரிசையை ஒருமுறை பார்த்தார். கை தாடிக்காரர் பக்கம் போனது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

தொட்டி உரசும் சத்தம். கண்ணைத் திறந்தபோது, நடுச்சிலையின் பலகையை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு வணங்கினார். போய்விட்டார்.

மேலாளர் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார். "தொட்டி யோசனை யாரோடது? பிரமாதம்! அப்படியே இருக்கட்டும். நாளைலேருந்து நீ நிரந்தரம்மா."

அண்ணி தலையாட்டினாள். கண் தாடிக்காரர் மேலேயே இருந்தது.

"சார், ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேணும்."

"எதுக்கு?"

"ஸ்க்ரூ கொஞ்சம் லூசு, சார்."

"யாருக்கு அண்ணி?" என்றாள் நாத்தனார், மெதுவாக.