உதட்டோரம்

கல்யாணமான ஜோடிகளில் எது நிலைக்கும், எது முறியும் என்று கணிப்பதுதான் அவள் வேலை. ஜாதகம் பார்த்து அல்ல, முகம் பார்த்து. பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறையை வரவேற்பறை மாதிரி மாற்றி, சோபா போட்டு, சுவரில் கேமரா பொருத்தியிருந்தார்கள். தம்பதிகள் வந்து உட்கார்ந்து, வீட்டில் அடிக்கடி சண்டை மூட்டும் விஷயத்தைப் பேசுவார்கள். அந்தப் படத்தை இவள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். யார் முகத்தைத் திருப்பினார்கள், யார் பதிலைத் தாமதித்தார்கள், யாருடைய உதடு ஒரு பக்கம் மட்டும் இழுபட்டது என்று குறிப்பாள். கோபம்கூடப் பரவாயில்லை, இளக்காரம் நுழைந்துவிட்டால் அந்தக் குடும்பம் தேறாது என்பது அவர்கள் படித்த பாடம். கூட வேலை பார்ப்பவர்கள் அவளை 'ஜோசியர்' என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதை ரசித்தாள்.

அந்தக் கண்ணை ஆய்வறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

அவளுடைய தம்பி லிப்ட் மெக்கானிக். அவன் மனைவி நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். கணீரென்ற குரல். குளத்தின் இந்த முனையில் அதட்டினால் அந்த முனையில் இருப்பவன் காலை உதைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோசியர் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். தம்பி எதிரே உட்கார்ந்து வேலையிடத்துக் கதை ஒன்றைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மனைவியின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. உதட்டோரம் லேசாக இழுபட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, ஒட்டாத ஒரு "சரி, சரி."

வழியனுப்பக் கீழே வந்த தம்பியிடம் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"உன் பொண்டாட்டி உன்னை மதிக்கல. உனக்குத் தெரியுதா இல்லையா?"

"என்னக்கா சொல்ற? நல்லாத்தானே இருக்கோம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இந்த மூஞ்சியை நான் எத்தனை வீட்ல பார்த்திருக்கேன். ரொம்ப நாள் தாங்காதுடா."

அப்பா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. சில மாதங்களில் அவன் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். செய்தி கேட்டு அவளுக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்கு அடியில், 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு சின்ன மிதப்பும் இருந்தது. பிற்பாடு அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது அந்த மிதப்புதான்.

ஒரு மத்தியானம் தம்பி மனைவி ஆய்வறைக்கே வந்துவிட்டாள். தம்பதிகள் உட்காரும் அதே சோபாவில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க மனுஷங்களைப் படிச்சவங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்க. அவரைக் கேட்டா 'உனக்கே தெரியும்'னு போனை வச்சுடறாரு."

"நீ... அவன்கிட்ட எப்படி நடந்துகிட்டே?" என்று எதிரே இருந்து இவள் கேட்டாள்.

அந்த முகம் திரைச்சீலைப் பக்கம் திரும்பியது. உதட்டோரம் இழுபட்டது. அதே முகம். ஆனால் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்ச வந்தவளுக்கு யார்மேல் என்ன இளக்காரம்?

ஜோசியருக்கு அன்றைக்குச் சாப்பிடும்போது பதில் வராமல் போன கேள்வி ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவளுடைய இடது பக்கம் நின்று, "தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டாள். அசைவில்லை. மறுபடி கேட்டாள். ம்ஹூம். வலது பக்கம் வந்து அதே குரலில் கேட்டதும், "குடுங்க அண்ணி" என்று கை நீண்டது.

"இந்தக் காது கேக்கலையா உனக்கு?"

"கொஞ்ச நாளா அடைச்ச மாதிரி இருக்கு. குளத்துத் தண்ணி போயிருக்கும், தானா சரியாயிடும்னு விட்டுட்டேன். வெளியில சொன்னா வேலை போயிடும் அண்ணி. காது கேக்காதவளை நம்பிக் குழந்தைங்களைத் தண்ணியில விடுவாங்களா?"

நல்ல காதை முன்னால் நீட்டத்தான் முகம் திரும்பியிருக்கிறது. உற்றுக் கேட்கிற பாடுதான் உதட்டை இழுத்திருக்கிறது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "காது டாக்டரைப் பாரு" என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவருக்கே தெரியலை. நீங்கதான் கவனிச்சீங்க அண்ணி." அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

சாயங்காலமே தம்பியைத் தேடிப் போனாள். ஒரு கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னதுக்கப்புறம் நான் அவ மூஞ்சியையே உத்து உத்துப் பார்த்தேன்க்கா. பார்க்கப் பார்க்க நீ சொன்ன மாதிரியேதான் தெரிஞ்சுது. என்னடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

"தப்பு என்னோடதுடா."

"ரெண்டு பேரோடதும்தான். நான் போய் அவகிட்ட பேசிக்கறேன். ஆனா உன் பங்கை நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

சொல்லப் போக அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பேராசிரியர்கள் நிறைந்த அரங்கில் தடுமாறாமல் பேசுகிறவளுக்கு தம்பி வீட்டுச் சமையலறையில் வாய் குழறியது. தம்பி மனைவி வலது காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"அப்போ நான் அங்க வந்து அழுதப்ப, அவரு ஏன் போனாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க கையைப் பிடிச்சேனே அண்ணி."

அந்தப் பெண் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "டாக்டர் இந்தக் காது திரும்பாதுன்னுட்டாரு. மெஷின் வச்சுக்கலாமாம்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி வீடு திரும்பினான். காதுக்கு மெஷின் வந்தது. நீச்சல் குளத்தில் உண்மையைச் சொல்லி, கரையில் கூட ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. கேட்கிற தைரியமும் இவளுக்கு இல்லை.

பல மாதங்கள் கழித்து, தம்பிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனாள். கதவைத் திறந்தது தம்பி மனைவி. ஒரு நிமிஷம் நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது மன்னிப்பா, மரியாதையா, வெறும் களைப்பா என்று ஜோசியருக்கு விளங்கவில்லை.

"வாங்க" என்று வழிவிட்டாள்.

ஜோசியர் செருப்பைக் கழற்றிவிட்டு, கூனிக் குறுகி உள்ளே போனாள்.