பக்கத்து சீட்டின் எடை

தன் காருக்கு ஸ்பிரிங் செய்து கொடுத்தவரை அன்று காலை அவள் போனில் ஒரு பிடி பிடித்துவிட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்த மனிதர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வைத்திருக்க வேண்டும்.

"நீங்க அனுப்பின பின்பக்க ஸ்பிரிங் நான் சொன்னதவிட கெட்டி. ஆள் உக்காந்தாலும் அமுங்க மாட்டேங்குது அண்ணே."

"ஒவ்வொண்ணையும் அழுத்திப் பாத்துத்தாம்மா அனுப்பினேன். நீங்க எடைய சரியா சொன்னீங்களா?"

"பாரம் பாத்துத் தூக்கறதுதான் என் பொழப்பே. என்கிட்டயே கேக்கறீங்களா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வீட்டின் பின்பக்க ஷெட்டில் வைத்து அவளே கோத்த கார் அது. இரண்டு இருக்கை, கூரை கிடையாது, சாதாரணக் காரில் பாதி எடைகூட இல்லை. அந்த லேசுதான் அதன் அழகு, தலைவலியும் அதுவேதான். பெரிய காரில் நாலு பேர் ஏறினாலும் அது கண்டுகொள்ளாது. இதிலோ ஏறுகிற ஆளே பாரம், அந்தப் பாரமும் பெரும்பாலும் பின்சக்கரங்களின் தலையில்தான் விழும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் பள்ளத்தில் அடி தட்டும். கெட்டியாக இருந்தால் மேட்டுக்கு மேடு துள்ளும், எவ்வளவு உசத்தியான ஷாக் அப்சார்பரைப் போட்டாலும் அந்தத் துள்ளலை முழுக்க அடக்க முடியாது. இதையெல்லாம் யோசித்துத்தான், ஆரம்பத்திலேயே அவள் தன்னையும் கணவரையும் தராசில் ஏற்றிப் பார்த்து ஸ்பிரிங்குக்குச் சொல்லியிருந்தாள். அவள் அறுபது கிலோ. அவர் தொண்ணூற்றைந்து. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் மனிதர் சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. வண்டி முடிந்ததும் மலைப்பாதையில் இருவரும் ஒரு சுற்றுப் போய்வருவதாகப் பேச்சு.

போனை வைத்தவள் கணவரை மறுபடி கூப்பிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். ஓட்டுகிற இருக்கையில் தனக்குப் பதிலாகத் தன் எடைக்கு மணல் பைகளை அடுக்கியிருந்தாள். வண்டி எதுவரை இறங்க வேண்டும் என்று தூணில் சாக்பீஸால் ஒரு கோடு. கழுத்தில் தொங்கிய டேப்போடு அவர் வந்து உட்கார்ந்தார். வண்டி இறங்கியது, கோட்டைத் தொடவில்லை.

"போகட்டுமா? சட்டைக்கு ஆள் காத்திருக்கு" என்றார்.

"போங்க, போங்க. இந்த ஆளை நான் விடப்போறதில்ல" என்றாள். ஸ்பிரிங்காரரைத்தான் சொன்னாள்.

அவர் போனதும், அந்த மனிதரின் வாயை அடைக்க அத்தாட்சி வேண்டுமே என்று, கணவரின் இருக்கையிலும் மணல் பைகளை அடுக்கினாள். தராசில் நிறுத்த தொண்ணூற்றைந்து கிலோ. வண்டி மெதுவாக இறங்கி, கோட்டின் மேல் கச்சிதமாக நின்றது.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி அடுக்கினாள். மறுபடியும் அதே கோடு. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒவ்வொரு சின்னப் பையாக எடுத்தாள். கொஞ்சம் முன்பு அவர் உட்கார்ந்திருந்தபோது நின்ற உயரத்துக்கு வண்டி வந்ததும் நிறுத்தினாள். எடுத்து வைத்ததை நிறுத்துப் பார்த்தாள். பதினைந்து கிலோ.

அந்தப் பைகளை ஒரே சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சட்டைக்கு வந்தவர் கிளம்பியிருந்தார். துணி வெட்டும் மேஜையின் மேல் சாக்கைப் பொத்தென்று வைத்தாள்.

"இது உங்களோடது. எங்க போச்சு?"

தையல் மெஷின் நின்றது. அவர் மழுப்பப் பார்த்தார். "சாப்பாட்டக் குறைச்சிருக்கேன்ல..."

அவள் அவர் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்து உள்பக்கம் திருப்பினாள். பழைய தையல், அதற்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று. சட்டையின் பக்கவாட்டிலும் அதே கதை. வேறு யாராக இருந்தாலும் உடுப்பு தொளதொளத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த மனிதர் இளைக்க இளைக்கத் தன் துணிகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார், அவ்வளவு நேர்த்தியாக.

"சோறு இறங்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே" என்றார், மெஷினைப் பார்த்துக்கொண்டு. "டாக்டர்கிட்ட போனா அத எடு, இத எடும்பாங்க. நீ வண்டிய அப்படியே போட்டுட்டு என் பின்னால அலைவ. முடியட்டும், ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வந்துட்டு..."

"முடிஞ்சு? யார உக்கார வச்சுக்கிட்டுப் போறது? இந்தச் சாக்கையா?"

அவளுக்கு அழுகை முட்டியது. அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்தது பெரிது. ஒரு போல்ட் தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் தட்டை ஒரு நாளும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்பிரிங்காரர் கூப்பிட்டார். பாவம், நல்ல மனிதர், குரல் இறங்கியிருந்தது. "மனசு கேக்கலம்மா. கொஞ்சம் மெத்துனு வேற ஜோடி செஞ்சு தந்துடறேன். பக்கத்து சீட்டுக்கு எவ்வளவு எடை வச்சுக்கட்டும்?"

அவள் கணவரைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தஞ்சு."

"அதத்தானே மொதல்லயும் சொன்னீங்க?"

"இப்பவும் அதேதான். ஸ்பிரிங் சரியா இருக்கு அண்ணே. காலையில கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க. எதையும் மாத்த வேண்டாம்."

போனை வைத்ததும் அவர் மெல்லச் சொன்னார். "எண்பதுதானே இருக்கேன். ஏன் பொய் சொல்ற?"

"ஸ்பிரிங்க நான் இறக்க மாட்டேன். நீங்கதான் ஏறணும்."

"எடையா, வண்டியா?"

"ரெண்டும்தான். மொதல்ல வண்டியில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு."

அவர் கடைக் கதவைச் சாத்தினார். கிளம்பும்போது மேஜை மேல் இருந்த சாக்கைக் காட்டினார். "அதையும் எடுத்துக்க. எடை குறைஞ்சா வண்டி துள்ளும்னு நீதானே சொன்ன?"

ஷெட்டில் அவரது இருக்கையில் மிச்சமிருந்த பைகளை மட்டும் அவள் இறக்கினாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் சாக்கை அவர் மடியில் வைத்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது; குனிந்து தூணைப் பார்த்தாள், கோடு சரியாக இருந்தது. தன் இருக்கையின் பைகளையும் இறக்கிவிட்டு ஏறி ஓட்டினாள். அந்தக் காரின் முதல் பயணம் அப்படித்தான் அமைந்தது. இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது. வழியெல்லாம் மேடும் பள்ளமும், அவர் மடியில் பதினைந்து கிலோ மணல், வண்டி ஓரிடத்திலும் துள்ளவில்லை.