ஏழாம் நாள் மாத்திரை

வீரபாண்டியின் பாதத்தை ஏழு நாளாக என் சொந்தக் காலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தனார். கம்பி குத்திய புண் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஈப்புழுவின் உடம்பில் கிருமியைக் கொல்லும் ஒரு சின்னப் புரதம் உண்டு. அதை ஆய்வகத்தில் தயாரித்து, களிம்பாக்கி, எங்கள் ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையின் நர்ஸ் ஜெஸ்லின் நான்தான். களிம்பு போடுமுன் ஏழு நாள் ஆன்டிபயாடிக் தொடக்கூடாது. இன்று போட ஆரம்பித்தால் காத்திருக்கிறேன் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். இல்லையென்றால் வியாழக்கிழமை பாதிப் பாதத்தை எடுத்துவிடுவார்.

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. “இதோ வந்துட்டேன்” என்ற சோதனை டாக்டர் பிபின் ஒன்றரை மணி நேரமாக வந்துகொண்டே இருந்தார். நான் வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

வீரபாண்டியின் மனைவி பூமாரி சிரித்துக்கொண்டே வந்தாள். “ராத்திரி அவருக்கு அடிச்ச காய்ச்சல் விட்டாச்சு சிஸ்டர். பிள்ளைக்குத் தொண்டை வலிக்கு வாங்கினதுல மிச்சம் வச்சிருந்தேன். காலைல ரெண்டு குடுத்தேன்.”

அட்டையைப் பார்த்தேன். ஆன்டிபயாடிக். வந்த கோபத்துக்கு அவளை அறைந்திருப்பேன்.

“மாத்திரை குடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?”

“நீங்க புண்ணுக்குல்லா சொன்னீங்க? இது காய்ச்சலுக்கு.”

“யாருட்டயும் மூச்சு விடாதீங்க” என்றேன். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் வந்து ஃபைலைத் திறந்தார். “வேறே மருந்நு வல்லதும் கழிச்சோ?” வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று மலையாளத்தில் கேட்டார்.

“இல்ல டாக்டர்” என்றேன்.

“கழிச்சு ஸாரே” என்றார் வீரபாண்டி. பதினாலு வருஷமாக இந்த ஊரில் சுவர் கட்டுகிறவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. “ராவிலே ரண்டெண்ணம்.” காலையில் ரெண்டு.

டாக்டர் ஃபைலை மூடினார். இனி இன்னும் ஏழு நாள் ஆக வேண்டும், அதுவரை சர்ஜன் காத்திருக்கமாட்டார் என்றார். என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

“ஏன் சொன்னீங்க?” வீரபாண்டியின் மேல் பாய்ந்தேன்.

“எனக்கு ஆறிட்டா களிம்புலதான் ஆறிச்சுன்னு எழுதுவீங்க. அதை நம்பி அடுத்தவன் காலை நீட்டுவான்லா?” சொல்லும்வரை தைரியமாகத்தான் இருந்தார். பிறகு போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதார்.

மாத்திரை செய்த வேலை பூமாரிக்கு அப்போதுதான் விளங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வாந்தி எடுக்க வச்சா போதாதா சிஸ்டர்?”