தலைமாட்டுப் பக்கம்

மாமனாரின் குதிகாலில் ஒட்டியிருந்த தாரைக் கரோலின் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டிய ஆட்கள் காலை மட்டும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தக் காலைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். இப்போது அதை மடியில் வைத்திருந்தாள்.

"எவ்ளோ நேரம் கரோ? ஆளுங்க வந்துகினே கீறாங்க. சாக்ஸ் மாட்டி வுடு, யாரு பார்க்கப் போறா?"

ஃப்ரெடி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அறை வாசலில் நின்றான். பெற்ற மகன். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து கிடத்தியதிலிருந்து அவன் அந்த வாசலைத் தாண்டவில்லை. கரோலின் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தாள்.

வால்டர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். வேலை ஓய்ந்த பிறகு, விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலோரம் கொட்டிவைத்திருக்கும் பாறாங்கற்களில் போய் உட்கார்ந்துவிடுவார். துணைக்குப் பழைய கூட்டாளி சௌக்கத் அலி. தூரத்தில் நிற்கும் கப்பல்களில் எதில் நிலக்கரி, எதில் உரம் என்று இருவருக்கும் டீ பந்தயம். எண்ணூர்ப் பக்கமிருந்து கழிவெண்ணெய் மிதந்துவரும் நாட்களில் கல்லெல்லாம் கறுத்துக் கிடக்கும். அதை மிதித்து வந்து, அவள் துடைத்துவைத்த டைல்ஸில் தடம் பதிப்பார்.

"கலீஜ் புடிச்ச கடலு. அங்க இன்னாதான் மாமா கீது?" என்று ஒருநாள் கத்தினாள்.

"ரிட்டையர் ஆனவனுக்கு அதாம்மா ஆபீசு. கையெழுத்துப் போட வோணாம், அவ்ளோதான்" என்றார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் தானே துடைத்தார்.

இன்று காலை அந்தக் கல்லிலேயே சாய்ந்துவிட்டார். சௌக்கத் அலி புளியந்தோப்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாள் பார்த்து. கடைசியில் ஒரு மீன்காரம்மாதான் ஆட்டோவை நிறுத்தி ஏற்றியிருக்கிறாள். "கொஞ்சம் முன்ன இட்டாந்திருந்தா..." என்று தொடங்கிய நர்ஸ், கரோலினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வெளியே ஃப்ரெடியின் கூட்டாளி திலீப் வேலைகளை அதட்டிக்கொண்டிருந்தான். பந்தல், பேண்ட் செட், பேனர் எல்லாம் அவன் பொறுப்பு. கண்ணீர் அஞ்சலி பேனரில் வால்டர் ஒரு மூலையில் சின்ன வட்டத்துக்குள் இருந்தார். கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நின்றவன் திலீப். பேனருக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சௌக்கத் அலி நின்றிருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

கை கழுவ எழுந்தவளைப் பக்கத்து வீட்டு வினிதா சமையலறைக்குள் இழுத்துப் போனாள். "அக்கா, இது தாத்தாதானே? காலைல எங்க குரூப்ல வந்துச்சு."

போனில் கடல். கல்லில் சரிந்துகிடக்கும் முதுகு. அலை இடுப்புவரை அடித்துவிட்டுப் போகிறது. படம் பிடிப்பவன் சிரிக்கிறான். "இன்னா பெருசு, காலைலயே ஏத்திக்கினியா? குளிச்சிட்டுப் போ, போதை எறங்கும்!" இன்னும் இரண்டு மூன்று சிரிப்புகள். அப்போது அந்த முதுகுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை மெதுவாக மேலே எழுந்து விழுகிறது. சிரிப்பு கூடுகிறது. முடிந்துவிட்டது.

மனைவி செத்த வருஷமே குடியை விட்டவர் வால்டர்.

வாசலில் அதே குரல், "மச்சான், மாலைய இப்டி வெய்யி" என்றது. திலீப்பின் குரல். கரோலின் ஃப்ரெடியை உள்ளே கூப்பிட்டுப் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அதை முழுசாகப் பார்க்கவில்லை.

"தெரியும். காலைலயே வந்து சொல்லி அழுதான். முதுகுதான் தெரிஞ்சுதாம். நம்ம நைனான்னு தெர்லியாம்."

"வேற யாரோ பெருசுன்னா வுட்டுட்டுப் போலாமா?"

"கரோ..."

"கைய தூக்குறாருய்யா அதுல."

"இப்போ பேஜாரு பண்ணாத. எல்லா வேலையும் அவன்தான் பார்த்துக்கினு கீறான்." அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். "டீ கீதா?"

அவள் அவனையே பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் படுத்தெழுந்தவனுடைய கழுத்து வியர்வையும் மீசையும் எச்சில் பட்ட உதடும் அவளுக்கு அருவருப்பாக இருந்தன. மாமனாரின் காலைத் தொட்டபோதுகூட உடம்பு இப்படிக் கூசவில்லை.

ஃபாதர் வந்து ஜெபித்தார். கூடத்து ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்து மூடினார்கள். தூக்கும் நேரத்தில் திலீப் எல்லோரையும் விலக்கிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் வந்தான். "எனக்கும் அப்பாதான்யா அவுரு" என்று விம்மிக்கொண்டே பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"கைய எடு" என்றாள் கரோலின்.

"இன்னா அண்ணி?"

"போன் புடிச்ச கைதானே அது. எடு."

விம்மல் நின்றது. பேண்ட் செட்காரர்கள் வாத்தியத்தை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே நின்றார்கள். ஃப்ரெடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திலீப் ஒருமுறை சுற்றிலும் பார்த்தான். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பாய், நீங்க வாங்க."

சௌக்கத் அலி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கடந்து வந்தார். வயசானவர், பெட்டி சாய்ந்துவிடும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் குனிந்து தோள் கொடுத்தார். பெட்டி சாயவில்லை. கல்லறை போய்ச் சேரும்வரை அவர் தோள் மாற்றிக்கொள்ளவும் இல்லை என்று பிறகு வினிதாவின் அப்பா வந்து சொன்னார்.

பொழுது சாயும்போது எதிர்வீட்டு சிலுவையம்மாள் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கரோலின் தட்டில் போட்டுக்கொண்டு, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். ஐஸ் பெட்டி வைத்திருந்த இடத்தில் தண்ணீர் குளமாக நின்றது. அதில் இரண்டு சாமந்தி இதழ்கள் மிதந்தன.

கல்லறையிலிருந்து வந்து குளித்துவிட்டு ஃப்ரெடி உள்ளே நுழைந்தான்.

"தண்ணி நிக்கிது பாரு" என்றான்.

அவள் சோற்றைப் பிசைந்து இன்னொரு வாய் வைத்துக்கொண்டாள். அவன் கைலியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி, தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான்.